எவரும் வெளியேறாத ஆட்டம்

(மகாவீர் ஜெயந்தி விழாவின் பெற்றோர் அமர்வில் ஆற்றிய உரை)



குழந்தைகளின் கல்வி குறித்துப் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரத் தொடக்கப்பள்ளிகளில் முப்பதாண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கல்வியைப் பற்றிச் சொல்லத்தக்கவை பல உண்டு. ஆயினும் இன்று ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். வகுப்பறைக்குள்ளேயே குழந்தைகள் எழுந்து நின்று, நடந்து, அணி சேர்ந்து ஆடும் ஆட்டங்களே நான் பேச விரும்பும் பொருள்.

"வகுப்பறை படிப்பதற்கு, விளையாடுவதற்குத் திடல் இருக்கிறதே?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். என் பணிக்காலம் முழுவதும் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்வி இதுவே. அதற்கு விடை சொல்லுமுன் நம் பிள்ளைகள் இன்று எங்கே வாழ்கிறார்கள் என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

இங்கே அமர்ந்திருப்போரில் பலர்க்குப் பூர்வீகம் திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, செய்யாறு பக்கத்துச் சிற்றூர்களாக இருக்கும். அங்கே உங்கள் இளமையில் தெரு முழுவதும் உங்கள் அணியாக இருந்தது. அறுவடை முடிந்த களம் சடுகுடுவுக்கு ஆயிற்று. ஜினாலயத்தின் வெளித்திண்ணை ஐந்தாங்கல்லுக்கு ஆயிற்று. நிலவொளியில் தெருவில் கோடு கிழித்துக் கிளித்தட்டு ஆடினீர்கள். எவரும் உங்களுக்கு விளையாடக் கற்பித்ததில்லை. பெரிய பிள்ளைகளைப் பார்த்துச் சிறிய பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

இன்று நாம் வேலையை நாடி இத்தொழிற்பகுதிக்கு வந்துவிட்டோம். சிப்காட் வளாகத்தில் தந்தைக்கு ஒரு ஷிப்ட், தாய்க்கு வேறொரு வேலை. இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. வாயிலைத் தாண்டினால் லாரிகள் விரையும் சாலை. பிள்ளை பள்ளி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் கதவு தாழிடப்படுகிறது. கைப்பேசி கைக்கு வருகிறது. இதில் பெற்றோரைக் குறை கூற எனக்கு மனமில்லை. வெளியே விட அஞ்சுவது இயல்பே. ஆனால் ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் நன்கு இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறுகிறது. நம் பிள்ளைகளின் ஒரு நாளில் அந்த 60 நிமிடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பள்ளி தராவிட்டால் வேறெங்கும் அது கிடைப்பதில்லை.

இவ்வட்டாரத்துக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. கும்மிடிப்பூண்டி ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் என்றும் நம் வகுப்புகளில் இருந்திருக்கிறார்கள். ஈழத்தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆலைகளில் பணிபுரிய ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் வருவதையும் நீங்கள் அறிவீர்கள். ஆகவே ஒரே வகுப்பில் மூன்று, நான்கு தாய்மொழிகள் அமர்ந்திருக்கும். பெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருப்பதால் மட்டும் அப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதில்லை. சேர்ந்து ஒரு செயலைச் செய்தால்தான் அறிந்துகொள்கிறார்கள். அச்செயல் ஆட்டமாக இருந்தால் மொழி தெரியாத பிள்ளையும் அதில் கால் வைக்க முடியும்.

இது புதிதாக மேலைநாட்டிலிருந்து வந்த கருத்தன்று. 'பள்ளி' என்னும் சொல்லே முற்காலத்தில் சமண முனிவர் உறைவிடத்தைக் குறித்தது. அம்மரபில் வந்த பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூல் இயற்றினார். அதன் பொதுப்பாயிரத்தில் கற்பிக்கும் முறையையும் கற்கும் முறையையும் வகுத்திருக்கிறார். அங்கே அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை மாணவன் எவ்வளவு நன்றாக உள்ளங்கொண்டாலும் அவன் பெறுவது புலமையில் காற்பங்குதான். தன்னோடு பயில்வோருடன் பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு வருகிறது. தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறைகிறது.

இந்தக் கணக்கை நான் ஆசிரியப் பயிற்சியில் மனப்பாடமாகப் படித்தேன். அதன் பொருளை உணரப் பல ஆண்டுகள் ஆயின. நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது நிமிடமும் நானே பேசினால், காற்பங்கை மட்டும் கொடுத்துவிட்டு முக்காற்பங்கைத் தடுத்தவள் ஆகிறேன். அந்த முக்காற்பங்கு பிள்ளைகளிடையே இருக்கிறது.

நம் திண்ணைப்பள்ளிகளில் மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், இவ்வூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அம்முறையைக் கொண்டுவந்தார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது அந்நாட்டுப் பள்ளிகளில் பரவியது.

நம் காலத்துக்கு வருவோம். 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், செயல்பாடுகள் வழியாகவும் தாமே கண்டறிவதன் வழியாகவும் குழந்தைகள் கற்க வேண்டும் என்று சொல்கிறது. ஆகவே வகுப்பறையில் பிள்ளைகள் எழுந்து இயங்குவது ஆசிரியர் காட்டும் சலுகையன்று. சட்டம் வகுத்த நெறி. தமிழகத்தில் அதற்கு முன்னரே, 2003-ஆம் ஆண்டில், சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமக் கல்வி மையத்தில் உருவான அட்டை முறை அதற்கு முன்மாதிரி. பின்னர் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை வந்தது. எனக்கு அது பெரிய மாற்றமாகத் தோன்றியது. கரும்பலகை அதுவரை ஆசிரியருடைய உடைமையாக இருந்தது.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளியையே காணாமல் இரண்டாம் வகுப்பை எட்டியது. அந்த இடைவெளியை நிரப்ப அரசு வகுத்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நம் மாவட்டத்திலேயே தொடங்கியது. 2022 ஜூன் 13 அன்று, புழல் ஒன்றியம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் முதலமைச்சர் அதனைத் தொடங்கிவைத்தார். புழல் ஆதிநாதர் ஜினாலயத்துக்குச் சென்று வரும் நமக்கு அது அயலூர் அன்று. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவரும் 2025-க்குள் எழுதப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. பாடல், ஆடல், கதை, பொம்மலாட்டம், விளையாட்டு ஆகியவற்றின் வழியே பாடம் நடக்கும். பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்துக் கற்பிப்பார்கள். ஒன்று முதல் மூன்று வரையிருந்த வகுப்புகளுக்குத் தொடங்கிய அத்திட்டம் மறுகல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

ஆகவே விளையாட்டு வேண்டுமா, வேண்டாமா என்பதில் இன்று வழக்கில்லை. எத்தகைய விளையாட்டு என்பதில்தான் கவனம் வேண்டும். அதை எனக்குக் கற்பித்தது என் சொந்தத் தவறு. அதை இந்த அவையில் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் வகுப்பில், காலை முதல் பாடவேளையை ஓர் ஆட்டத்தோடு தொடங்கிக்கொண்டிருந்தேன். தரையில் சாக்பீஸால் வட்டங்கள் வரைந்து ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை எழுதியிருப்பேன். நான் ஒரு சொல்லைச் சொன்னதும் அதன் முதலெழுத்து உள்ள வட்டத்துக்குப் பிள்ளைகள் விரைய வேண்டும். தவறான வட்டத்தில் நின்றவர் 'அவுட்'. அவர் சுவரோரம் போய் உட்கார வேண்டும். கடைசியில் எஞ்சுபவருக்குக் கைதட்டல். வகுப்பு கலகலவென்று இருந்தது. மேற்பார்வைக்கு வந்த அலுவலர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவ்வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி இருந்தாள். தந்தைக்கு இரும்பாலை ஒன்றில் வேலை. அவளுக்குத் தமிழ் சில சொற்களே தெரியும். நாள்தோறும் முதல் சுற்றிலேயே அவள் வெளியேறினாள். சில வாரங்கள் கழிந்தபின், நான் சொல்லைச் சொல்லி முடிக்குமுன்னரே அவள் தானாகச் சுவரோரம் சென்று அமரலானாள். அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். பின்னர் அவள் தாமதமாக வரத் தொடங்கினாள். "ஏன் நேரத்தோடு வருவதில்லை?" என்று கடிந்துகொண்டேன். அவள் தலைகுனிந்து நின்றாள். ஒருநாள் அவள் பக்கத்தில் அமரும் பிள்ளை என்னிடம் வந்து, "டீச்சர், அவ சீக்கிரமாத்தான் வர்றா. வெளிய கேட்டுகிட்ட நிக்கிறா. நாம வெளையாடி முடிச்ச சத்தம் கேட்டப்புறம்தான் உள்ள வர்றா" என்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்டம் இருபது நிமிடம். எழுத்துகள் அனைத்தும் அறிந்த பிள்ளை இருபது நிமிடமும் ஆடியது. ஒன்றும் அறியாத பிள்ளை ஒரு நிமிடம் ஆடிவிட்டுப் பத்தொன்பது நிமிடம் உட்கார்ந்திருந்தது. எவருக்குப் பயிற்சி தேவையில்லையோ அவருக்கு முழுப் பயிற்சி. எவருக்குத் தேவையோ அவருக்கு ஒன்றுமில்லை. இதை விளையாட்டு என்ற பெயரால் நானே நடத்தியிருக்கிறேன். உயிர்க்கு ஊறு செய்யாமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஏழு வயதுப் பிள்ளையை நாள்தோறும் நாற்பது பேர் முன்னிலையில் முதலாவதாக வெளியேற்றுவதும் ஓர் ஊறுதான் என்பது எனக்கு அன்றுவரை தோன்றவில்லை.

நம் பழைய ஆட்டங்களை அப்போது எண்ணிப் பார்த்தேன். சடுகுடுவில் ஆட்டமிழந்தவர் வெளியேறுகிறார், உண்மைதான். ஆனால் அவர் அணியினர் எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால் அவர் உயிர்பெற்று மீண்டும் களம் புகுகிறார். வெளியே நிற்பவருக்கும் தன் அணியினர் ஆடும் ஒவ்வொரு கணமும் தன் கணமே. அதனால் அவர் வேடிக்கை பார்ப்பதில்லை, காத்திருக்கிறார். சிறு குழந்தையைச் சேர்த்துக்கொள்ளவும் நம் தெருவில் வழக்கம் இருந்தது. 'ஒப்புக்குச் சப்பாணி' என்று பெயர். சொல் நல்லதன்று, எண்ணம் நல்லது. அக்குழந்தை ஓடலாம், பிடிக்கலாம். அதைப் பிடித்தால் ஆட்டமிழப்பில்லை. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது: அக்குழந்தையின் ஆட்டம் கணக்கில் வராது. வகுப்பறையில் நமக்கு வேண்டியது இன்னும் ஒருபடி மேலானது. எந்தப் பிள்ளையும் வெளியேறக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையின் ஆட்டமும் கணக்கில் வரவேண்டும்.

அதன்பின் நான் ஆட்டங்களை மாற்றினேன். அவற்றுள் நான்கைச் சொல்கிறேன். நம் ஞாயிறு வகுப்பு ஆசிரியர்களும் பெற்றோரும் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, இலக்க அணி. வகுப்பைப் பத்துப் பத்துப் பேராக அணி பிரித்து, ஒவ்வோர் அணியிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஆளுக்கோர் அட்டை கொடுக்க வேண்டும். நான் "நானூற்று ஏழு" என்றதும் ஒவ்வோர் அணியிலிருந்தும் 4, 0, 7 அட்டைக்குரியவர்கள் முன்வந்து நூறு, பத்து, ஒன்று என்ற வரிசையில் நிற்க வேண்டும். மற்றவர்கள் சரிபார்த்து உரக்கப் படிக்க வேண்டும். ஓர் இலக்கம் இருமுறை வராத எண்களாகத் தேர்ந்துகொண்டால் போதும். இங்கே நுட்பமான ஓர் இடம் உண்டு. "நானூற்று ஏழு" என்ற சொல்லில் பூஜ்யம் காதில் விழுவதில்லை. அதனால்தான் பிள்ளைகள் அதனை 47 என்றோ 4007 என்றோ எழுதுகிறார்கள். பூஜ்ய அட்டையை வைத்திருக்கும் பிள்ளை, தன் பெயர் சொல்லப்படாதபோதும் தான் எழவேண்டிய இடத்தை அறிந்து எழவேண்டும். அந்த ஒடிசாச் சிறுமிக்கு அட்டைக் குலுக்கலில் ஒருநாள் பூஜ்யம் வந்தது. தொடக்கத்தில் அவள் அணியினர் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்தில் அவளே முந்தி எழுந்து நின்று, மற்ற இருவரையும் கையசைத்து அழைத்தாள். அவள் தாமதமாக வருவது நின்றது. அவ்வாண்டிறுதியில் அக்குடும்பம் வேறூருக்குப் பெயர்ந்துவிட்டது. போகுமுன் அவள் ஆயிரம் வரை தமிழில் எண்ணுவாள்.

இரண்டாவது, தொடர் எழுத்து. ஆறு பேர் ஒரு வரிசை. கரும்பலகையில் 'திருவள்ளூர்' என்று எழுத வேண்டும். ஆறெழுத்துச் சொல், ஆளுக்கோர் எழுத்து. முதற்பிள்ளை எழுதிவிட்டுச் சாக்பீஸை அடுத்த பிள்ளையிடம் கொடுக்கும். அடுத்த பிள்ளை தன் எழுத்தை எழுதலாம். முன் எழுதியதில் பிழை இருந்தால் அதைத் திருத்தவும் செய்யலாம். முதலில் முடித்த அணிக்குச் சிறப்பில்லை. பிழையின்றி முடித்த அணி ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ளகரமா, லகரமா என்று வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகள் தமக்குள் வாதிடுவார்கள். அந்த வாதம்தான் பாடம். ஒருவர் பிழையை மற்றொருவர் சத்தமின்றித் திருத்திவிட்டுப் போகும் பழக்கம் அதனோடு கிடைக்கும் மற்றொரு பாடம்.

மூன்றாவது, குலைகுலையாய் முந்திரிக்காய். வட்டமாக அமர்ந்திருப்போர் பின்னால் ஒரு பிள்ளை துணியை ஒளித்து வைத்துவிட்டு ஓடும் பழைய ஆட்டத்தை நீங்கள் அறிவீர்கள். துணிக்குப் பதிலாகச் சொல்லட்டை வைக்க வேண்டும். அட்டையைக் கண்ட பிள்ளை எழுந்து வட்டத்தை ஒருமுறை விரைந்து சுற்றி வந்து அதைப் படிக்க வேண்டும். படிக்க வரவில்லையென்றால் இருபுறமும் அமர்ந்திருப்போர் உதவலாம். மூவரும் சேர்ந்து படித்தாலும் வெற்றியே. பின்பு அப்பிள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு தன் சுற்றைத் தொடங்கும். ஒருமுறை எழுந்தவர் பின்னால் மீண்டும் அட்டை வைக்கக் கூடாது என்ற விதி இருந்தால் எல்லோர்க்கும் முறை வந்துவிடும்.

நான்காவது, நான்கு சுவர். இது சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு. ஒரு கேள்விக்கு நான்கு விடைகளை நான்கு சுவர்களில் ஒட்டிவிட வேண்டும். ஐவர் கொண்ட ஒவ்வொரு குழுவும் ஒரு நிமிடம் கலந்து பேசி ஒரு சுவரை நோக்கி ஒன்றாகச் செல்லும். காரணத்தை யார் சொல்ல வேண்டும் என்பதை ஆசிரியர் அங்கே போனபின்தான் சுட்டுவார். எவரையும் கேட்கலாம் என்பதால் கெட்டிக்காரப் பிள்ளை காரணத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ள முடியாது; குழுவில் எல்லோர்க்கும் விளங்கச் சொல்லியே தீரவேண்டும். பவணந்தியார் சொன்ன அரைப்பங்கு இங்கே கிடைத்துவிடுகிறது. பிறர் காரணத்தைக் கேட்டபின் ஒரு குழு சுவர் மாறவும் உரிமை உண்டு. நம் ஞாயிறு வகுப்புக்கு இது மிகவும் பொருந்தும். "வழியில் ஒரு பணப்பை கிடைத்தால் என் செய்வாய்?", "நண்பன் சொன்ன பொய்யை ஆசிரியர் உன்னிடம் விசாரித்தால் என் செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பொருளைப் பல நிலைகளிலிருந்து காணலாம் என்னும் அநேகாந்தத்தைச் சொற்பொழிவால் விளக்குவதைவிட, ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குப் பிள்ளை தன் காலால் நடந்து அறிந்துகொள்வது ஆழமாகப் பதியும்.

இந்த ஆட்டங்களை நடத்துவோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். அணித்தலைவர் இருவரை நிறுத்தி ஆள் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள்; கடைசிவரை எவரும் அழைக்காமல் நிற்கும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தால் அந்த வழக்கத்தை விட்டுவிடுவீர்கள். சீட்டுக் குலுக்கியே அணி பிரியுங்கள். வாரந்தோறும் அணியை மாற்றுங்கள். விதியைச் சொல்லால் விளக்காமல் ஒருமுறை ஆடிக் காட்டுங்கள். மொழியறியாத பிள்ளைக்கு அதுவே போதும். கால் இயலாத பிள்ளை ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் விதியைத் தளர்த்தாமல் எல்லோர்க்குமாக மாற்றுங்கள்; எல்லோரும் அமர்ந்தபடியே அட்டையைக் கைமாற்றும் ஆட்டமாக அது ஆகட்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அவ்வப்போது எண்ணிப் பாருங்கள். ஆடுவோரினும் பார்ப்போர் மிகுந்தால் அணிகளைச் சிறிதாக்குங்கள்.

இடமில்லை என்பார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கப் பிள்ளைகளே பழகிவிட்டால் இரண்டு நிமிடம் போதும். ஒதுக்கவே இயலாத வகுப்பில் தொடர் எழுத்தும் இலக்க அணியும் நடைவழியிலேயே நடக்கும். பைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் வழியில் கிடக்கக் கூடாது. ஓட்டத்துக்குப் பதில் விரைந்த நடை என்பதே விதியாக இருக்கட்டும். சத்தம் என்பார்கள். ஆசிரியர் கையை உயர்த்தினால் எல்லோரும் கை உயர்த்தி வாய்மூட வேண்டும் என்று முதல் வாரமே பழக்கிவிடலாம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது பண்பு. நேரமில்லை, பாடம் முடியாது என்பார்கள். நான் கேட்பது பத்து நிமிடம். அதிலும் இறுதி இரண்டு நிமிடம் அமைதியாக அமர்ந்து, "இன்று எங்கே தடுமாறினோம்? யார் உதவினார்கள்?" என்று பேச வேண்டும். அந்த இரண்டு நிமிடம் இல்லையென்றால் ஆட்டம் வெறும் ஆரவாரமாக முடிந்துவிடும்.

"போட்டி உலகில் தோல்வியையும் பழக வேண்டாமா?" என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பழகத்தான் வேண்டும். தோற்ற அணியில் இருந்துகொண்டு மறுநாளும் ஆட வருவதே தோல்வியைப் பழகுதல். ஆட்டத்திலிருந்தே நீக்கப்பட்டுச் சுவரோரம் அமர்ந்திருப்பதில் பிள்ளை பழகுவது வேறொன்று: 'இது எனக்கானதன்று' என்னும் எண்ணம். பள்ளியே தனக்கானதன்று என்ற எண்ணம் அங்கேதான் முளைவிடுகிறது.

பெற்றோர்களிடம் என் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, "இன்று வகுப்பில் விளையாடினோம்" என்று பிள்ளை சொன்னால் பள்ளியைக் குறைகூற விரையாதீர்கள்; என்ன ஆட்டம் என்று கேளுங்கள், அதை வீட்டில் உங்களுக்குக் கற்பிக்கச் சொல்லுங்கள். பிள்ளை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தன் கல்வியின் பாதியை நிறைவு செய்கிறது. இரண்டாவது, "ஜெயித்தாயா?" என்று கேட்பதற்குமுன் "யாருடன் ஆடினாய்?" என்று கேளுங்கள். அந்தப் பெயர்களில் நம் மொழி பேசாத, நம் வீட்டுக்கு வந்திராத ஒரு பிள்ளையின் பெயர் இருந்தால் மகிழுங்கள். மூன்றாவது, நம் ஞாயிறு வகுப்பில் தொடக்கப் பத்து நிமிடத்தை ஓர் அணி ஆட்டத்துக்கு ஒதுக்க இசைவு தாருங்கள். ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில் பெற்றோர் ஒருவரேனும் வந்து அணியில் நில்லுங்கள். இரு வாரத்துக்கு ஒருமுறை அட்டைகள் எழுதித் தர நான் இருக்கிறேன்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் பிற்பகல் குழந்தைகளுக்கான போட்டிகள் இருப்பதைக் கண்டேன். நாற்காலிகளைச் சுற்றியோடி இடம் கிடைக்காதவர் வெளியேறும் ஆட்டமும் அதில் இருக்கிறது. அதை நிறுத்துமாறு நான் கேட்கவில்லை; விதியை மட்டும் சற்று மாற்றலாம். ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலி ஒன்றை எடுத்துவிடுவோம். பிள்ளை எதையும் எடுக்க வேண்டாம். எஞ்சிய நாற்காலிகளில் எல்லோரும் எப்படியாவது அமர வேண்டும். ஒருவரேனும் நின்றால் எல்லோரும் தோற்றதாகக் கணக்கு. கடைசி இரண்டு நாற்காலிகளில் எத்தனை பிள்ளைகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்து அமர்கிறார்கள் என்று நாம் எல்லோரும் பார்க்கலாம். நாற்காலி உறுதியானதாக இருக்கட்டும். இருபுறமும் பெரியவர்கள் நில்லுங்கள். முன்வரிசைச் செல்வங்களே, உங்களைக் காக்க வைத்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இனி உங்கள் நேரம்.